மாநிற முகமும் வெள்ளை ஸ்கார்பும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரமாக நீளும் ஊர்களில், ஒரு பிள்ளை முறையாக ஸ்டூடியோ விளக்கின் முன் உட்காருவது பெரும்பாலும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர், தேசிய அடையாள அட்டைக்காகத்தான். அந்தப் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழுள்ள கருமை எல்லாம் இருந்தபடியே பதிவாக வேண்டும். ஆறேழு வருடம் கழித்து அதே பிள்ளை மணப்பெண்ணாக வந்து அதே முக்காலியில் உட்காரும்போது சட்டம் தலைகீழாகிவிடுகிறது. பரு போக வேண்டும், தழும்பு போக வேண்டும், கன்னம் பளிங்காக வேண்டும். "கொஞ்சம் வெளுக்க வெச்சித் தாங்க காக்கா" என்று கூட வந்த ராத்தா சொல்லாமல் விடுவது அபூர்வம்.

ஒரே முகத்துக்கு இரண்டு நீதி. அழகு மோகம் என்று ஒரு வார்த்தையில் இதைத் தள்ளிவிடலாம்; பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் விளக்கு எங்கே நின்றது, கமரா எதை அளந்தது, யாருடைய முகத்தை மனதில் வைத்து பிலிம் தயாரானது என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தால் வேறொரு விஷயம் தட்டுப்படும். கணினியில் மணிக்கணக்காக உட்கார்ந்து திருத்தும் குறைகளில் பெரும்பகுதி தோலில் இருந்ததே இல்லை. விளக்குப் போட்ட விதத்தில் வந்தவை அவை. கமரா போட்ட கணக்கில் வந்தவை.

தோலின் மேல் விழும் ஒளி இரண்டு வழியாகத் திரும்பி வருகிறது. ஒரு சிறு பங்கு மேற்பரப்பில் பட்டதுமே தெறித்துவிடுகிறது. நேராக விழும் ஒளியில் இது 4 முதல் 7 சதவீதம். வெள்ளைத் தோலானாலும் கறுப்புத் தோலானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை என்பதைத் தோலின் ஒளியியல் பற்றி அன்டர்சனும் பாரிஷும் 1981இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துச் சொன்னது. மிச்ச ஒளி உள்ளே இறங்கி, மெலனினுக்கும் இரத்தத்துக்கும் தன்னில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, சிதறி வெளியே வருகிறது. நிறம் என்று நம் கண்ணில் படுவது இந்த இரண்டாவது ஒளி. முதலாவதற்குத் தோலின் நிறமே கிடையாது, விளக்கின் நிறம்தான். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளையாகப் பளிச்சிடுவது அதுவே.

வெளிர்ந்த தோலில் உள்ளிருந்து வரும் ஒளி நிறைய. அதன் மேல் இந்த 4 முதல் 7 சதவீதம் வந்து விழுந்தால் பெரிதாகத் தெரியாது. மாநிறத் தோலில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவு. மேற்பரப்பின் பளபளப்போ அதே அளவு. ஆகவே இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடிவிடுகிறது. ஒரே அளவு எண்ணெய்ப் பசை, ஒரே அளவு வியர்வை இருந்தாலும் மாநிற முகம்தான் படத்தில் 'எண்ணெய் வடியும்' முகமாகத் தோன்றும். கடலோர ஊரின் ஈரக் காற்றில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுக்கும் ஸ்டூடியோ அறைக்குள், மூன்றாவது நிமிடமே மேலுதட்டில் வியர்வை பூத்துவிடும். இதற்கு ஊர்வழக்கமான மருந்து பவுடர். அது பளபளப்பை அடக்கும் என்பது உண்மை. ஆனால் முகத்தின் நிறத்துக்கு இரண்டு படி மேலான பவுடரைப் பூசி பிளாஷ் அடித்தால் முகம் சாம்பல் பூத்து நிற்கும், கழுத்து வேறு ஆளின் கழுத்தாகிவிடும். அதைச் சரிக்கட்டக் கழுத்தையும் கையையும் வெளுக்க வைக்க வேண்டும். ஒரு குறையை மறைக்கப் போய் மூன்று குறை.

விளக்கைப் பெரிதாக்குவதுதான் நேரான வழி. கமராவின் தலையிலிருக்கும் சின்ன பிளாஷ் தன் முழுப் பளபளப்பையும் ஒரு புள்ளியில் கொட்டுகிறது; அந்தப் புள்ளியில் தோலின் நிறம் அழிந்து வெள்ளை மட்டும் மிஞ்சும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, இல்லாத நிறத்தைப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டத்தான் முடியும். அதே வெளிச்சத்தை ஒரு மீற்றர் அகலமான சாப்ட்பாக்ஸ் வழியாகவோ வெள்ளைக் குடை வழியாகவோ விட்டால் பளபளப்பு கன்னம் முழுவதும் பரவி, அடியிலுள்ள நிறத்தை மறைக்காத மெல்லிய மினுக்கமாகிறது. பெரிது சின்னது என்பது முகத்திலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. அரை மீற்றரில் நிற்கும் 60 சென்ரிமீற்றர் பெட்டி பெரிய விளக்கு. இரண்டு மீற்றருக்குத் தள்ளி வைத்தால் அதுவே சின்ன விளக்கு. சாப்ட்பாக்ஸ் வாங்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டு "மென்மையே வரவில்லை" என்று குறைப்படுவோர் பெட்டியை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தால் போதும். மாநிற முகத்துக்கு இந்த மினுக்கம் ஒரு வரமும் கூட. கன்ன எலும்பும் மூக்குத் தண்டும் திரண்டு தெரிவது அதனால்தான். முழுவதையும் பவுடரால் கொன்றுவிட்டால் முகம் தட்டையாகிவிடும்.

இனி கமராவின் கணக்கு. ஒளியளக்கும் கருவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் அட்டையை ஒளிப்படக்காரர் அளவுகோலாக வைத்திருப்பது இதனால். இப்போது முஸ்லிம் பாடசாலை மாணவி ஒருத்தியை நெருக்கத்தில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சீருடை வெள்ளை, தலையில் ஸ்கார்பும் வெள்ளை. படச்சட்டத்தில் முகத்துக்குக் கிடைப்பது நடுவிலுள்ள ஒரு முட்டை வடிவம் மட்டுமே; சுற்றிவர வெள்ளைத் துணி. கமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கிறது, வெளிச்சத்தைக் குறைக்கிறது. துணி சாம்பலாகிறது, முகம் இருட்டுக்குள் போகிறது. படத்தைப் பார்த்தவர் "பிள்ளை கறுத்துப்போயிட்டாளே" என்கிறார். ஸ்டூடியோக்காரர் கணினியில் பிரகாசத்தை ஏற்றுகிறார். இருட்டிலிருந்து இழுத்தெடுத்த தோலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது. அதை மறைக்க மழமழப்பு. மழமழப்பில் தோலின் இழையும் போகிறது. வெளுக்க வைக்கும் பழக்கம் பல இடங்களில் இப்படி ஒரு பழுதுபார்ப்பாகத்தான் தொடங்குகிறது.

கறுப்பு அபாயாவில் கதை எதிர்மாறு. கமரா கறுப்பைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும். முகம் இயல்பைவிட வெளுக்கும். அந்தப் படத்தைத்தான் "நல்லா வந்திருக்கு" என்று வாங்கிப் போவார்கள். கமரா விட்ட பிழைக்குக் கிடைக்கும் பாராட்டு! முகத்தைத் தேடிப் பிடித்து அளக்கும் இன்றைய கமராக்களில் இந்தப் பிழை குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. அனுபவசாலிகள் தானியங்கி அளவை நிறுத்திவிட்டு, கன்னத்தை மட்டும் அளந்து, கையாலேயே அளவு வைப்பார்கள்.

ஸ்கார்ப் இன்னொரு வேலையும் செய்கிறது. தாடையைச் சுற்றி நிற்கும் வெள்ளைத் துணி ஒரு இலவச ரிப்ளெக்டர். மேலிருந்து விழும் ஒளியை வாங்கி நாடியின் கீழும் கழுத்தோரமும் எறிகிறது. அங்கே விழவேண்டிய நிழல் பாதி கரைந்துவிடும். ரிஜிபோம் பலகையை மடியில் வைத்துச் செய்யும் வேலையைத் துணியே செய்துவிடுகிறது. நிறத் துணியில்தான் வில்லங்கம். மரூன் ஸ்கார்ப் தாடையில் சிவப்பேற்றும்; கடும்பச்சை ஸ்கார்ப் தாடையோரத்தில் நோயாளியின் நிறத்தைப் பூசும். மணப்பெண் படத்தைத் திரையில் பெரிதாக்கி, நடுக்கன்னத்தின் நிறத்தையும் தாடையோரத்தின் நிறத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் இரண்டு ஆளின் தோல்போல இருக்கும். அதைத் 'திட்டுத் திட்டான தோல்' என்று நினைத்து முழு முகத்தையும் வழவழப்பாக்குபவர்கள் உண்டு. துணியோரமாக ஒரு விரற்கடை அகலத்துக்குப் பச்சையைக் கழித்துவிட்டால் முடிந்த வேலை.

கலியாண மண்டபத்து மேடை இதைவிட மோசம். பின்னால் நீலமும் ஊதாவுமாக எல்.ஈ.டி., மேலே மஞ்சள் குமிழ், முன்னால் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு. மலிவான எல்.ஈ.டி. விளக்குகளில் கடுஞ்சிவப்பு அலைகள் குறைவு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறத் தர எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. தோலுக்கு உயிர் கொடுக்கும் கடுஞ்சிவப்பு அந்த எட்டில் சேர்த்தியில்லை, ஆர்-9 என்று தனியாகக் கணக்கிடப்படுவது. 80 என்று போட்ட விளக்கின் ஆர்-9 பூச்சியத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம். மாநிறத் தோல் திருப்பித் தரும் ஒளியில் சிவப்புத்தான் கூடுதல். அந்தச் சிவப்பையே கொடுக்காத விளக்கின் கீழ் அது மண்ணாய்த் தெரிவதற்கு மணப்பெண் என்ன செய்வாள்?

இந்தச் சிவப்பு நீலக் கணக்குக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் நீலத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்கு இருட்டு. நீலத்தை அதிகம் விழுங்குவது மெலனின். ஆகவே மாநிற முகம் உள்ளதைவிடக் கறுத்தது, சிவந்த பரு கரும்புள்ளியானது. 1873இல் ஜேர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துத் தகடுகளுக்குப் பச்சையையும் மஞ்சளையும் காணக் கற்றுக்கொடுத்தார். சிவப்பையும் காணும் தகடுகள் கடைக்கு வர 1906 ஆனது. அதற்குள் டச்சிங் என்ற படத்திருத்தம் ஒரு தனித் தொழிலாக வேரூன்றிவிட்டது. மியூனிக் நகரத்து ஒளிப்படக்காரர் ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியில் திருத்தாத படம் ஒன்றையும் திருத்திய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதிலிருந்து அது பரவியது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால், அச்சில் கருங்கோடாக விழும் சுருக்கம் அங்கே தெளிந்த கோடாக நிற்கும். அந்தக் கோட்டைக் கூரிய பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளியாக, பக்கத்து அடர்த்திக்குச் சமமாகும் வரை நிரப்ப வேண்டும். பென்சிலால் வெளுக்க வைக்க மட்டுமே முடியும். கறுக்க வைக்க வேண்டுமானால் கத்தி முனையால் சுரண்ட வேண்டும், சுரண்டினால் திரும்ப வழியில்லை. எனவே எல்லா டச்சிங்காரரின் கையும் இயல்பாகவே வெளுப்பின் பக்கம் சாய்ந்தது. வெள்ளைத் தோலுக்கான ஆசை அதற்கு முன்பே இருந்திருக்கலாம். கருவியும் அதே திசையில் தள்ளியது.

கணினிக்கு வந்த பிறகும் அந்தப் பழைய தகட்டின் குணம் அழியவில்லை. ஒரு முகப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடமாகப் பிரித்துப் பார்த்தால் தெரியும். சிவப்புத் தடத்தில் தோல் வழவழப்பாக, பருவே இல்லாததுபோல இருக்கும். நீலத் தடத்தில் ஒவ்வொரு புள்ளியும் தழும்பும் துல்லியமாகத் தெரியும், இரைச்சலும் அதில்தான் அதிகம். விஷயம் தெரிந்தவர்கள் முழுப் படத்தையும் தொடாமல் அந்த ஒரு தடத்தில் கொஞ்சம் வேலை செய்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தப் பழைய தகடுகளின் காலத்தில் நெருக்கத்தில் முகம் எடுப்பதை ஒரு கலையாக்கிய ஜூலியா மார்கரெட் கேமரன் இலங்கை மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகள் வாங்கிக் கொடுத்த கமராவோடு தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூரையுள்ள ஸ்டூடியோவாக்கி, திரைகளால் மறைத்து, ஒரு பக்கத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டார். வழக்கமான டச்சிங்கை அவர் ஏற்கவில்லை. கீறலும் விரல் ரேகையும் அப்படியே கிடக்கும். அன்றைய விமர்சகர்கள் அவரைக் கவனக்குறைவானவர் என்றே ஏசினார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர் களுத்துறையில் உள்ளூர் மக்களையும், தன்னைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் மறைந்தார், கல்லறை பொகவந்தலாவையில். இங்கே அவர் எடுத்ததில் எஞ்சியிருப்பவை சொற்பம். பெரும்பாலும் மாநிற முகங்களை நீலம் மட்டும் காணும் தகட்டில் எடுத்த படங்கள் அவை. இலங்கை ஒளிப்படக் கலைஞர் லயனல் வெண்ட் (1900–1944) அடுத்த நூற்றாண்டில் மாநிற உடல்களையும் முகங்களையும் எடுத்தபோது பிலிம் வெகுவாக முன்னேறியிருந்தது. வெண்டின் படங்களில் தோல் ஒளியை வாங்கித் திருப்பும் அழகைப் பார்த்தவர்கள், மாநிறத்துக்கு வெளுப்பு தேவை என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

வண்ண பிலிம் வந்தபோது பழைய பாரபட்சம் புது உடுப்புப் போட்டுக்கொண்டது. கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிறப் பரிசோதனை அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். ஷெர்லி அட்டை என்று பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்து லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக எழுதினார். கடும்பழுப்பு நிறங்களை பிலிம் பிரித்துக் காட்டவில்லை என்று மரத்தளபாடக் கம்பனிகளும் சொக்லட் கம்பனிகளும் முறையிட்டதும் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்கிறார். மனிதத் தோலுக்காக நடக்காத வேலை அலுமாரிக்காக நடந்தது. அடையாள அட்டைப் படத்துக்கும் இதில் ஒரு கறுப்பு அத்தியாயம் உண்டு. போலராய்டின் ஐடி-2 கமரா தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய கடவுப் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்பட்டது. 1970இல் அந்த நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்களான கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் எதிர்ப்பைத் தொடங்கினர். 1977இல் போலராய்டு அந்த நாட்டு வியாபாரத்தை விட்டு வெளியேறியது.

விளக்கே வேண்டாம், கடற்கரையில் எடுப்போம் என்பவர்களுக்குக் கல்முனைக் கரை இரண்டு பெரிய வசதிகளைத் தருகிறது, ஒன்றைப் பறிக்கிறது. பறிப்பது நண்பகல். இந்த ஊர்கள் வடக்கு அகலாங்கு 7 பாகைக்குச் சற்று மேலே கிடக்கின்றன. ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சாய்ந்துவிடுவதில்லை. புருவ எலும்பின் நிழல் கண்ணைக் குழியாக்கும், மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாக விழும். கருவளையம் என்று பிறகு திருத்துவது பல படங்களில் இந்த நிழல்தான்.

வசதிகளில் முதலாவது மாலை. கடல் கிழக்கே இருப்பதால் நான்கரை, ஐந்து மணிக்குச் சூரியன் தென்னைகளுக்கும் வீடுகளுக்கும் பின்னால் இறங்கிவிடும். கரை முழுவதும் நிழல். ஆனால் கடலுக்கு மேல் திறந்து கிடக்கும் கிழக்கு வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும். மணப்பெண்ணைக் கடலைப் பார்த்து நிற்க வைத்து, கமராக்காரர் அலைக்கு முதுகு காட்டி நின்றால், அந்த வானம் முழுவதும் ஒரே விளக்கு. அதற்கு விலையுமில்லை, மின்சாரமுமில்லை. பலரோ பின்னணியில் கடல் வரவேண்டும் என்பதற்காகப் பெண்ணைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, முகத்தை இருட்டாக்கி, பிறகு பிளாஷ் அடிக்கிறார்கள். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பக்கத்தில் இருபது நிமிடம்போலத்தான் நல்ல வெளிச்சம் மிஞ்சும் என்பதால் சேலை மடிப்பு, ஸ்கார்ப் ஊசி வேலைகளை முன்கூட்டியே முடிக்க வேண்டும். இரண்டாவது வசதி மாரி. வடகீழ்ப் பருவக்காற்று மேகத்தை விரித்துவிட்ட நாட்களில், மழை விட்ட இடைவெளியில், எந்த நேரத்திலும் முகம் எடுக்கலாம். கச்சான் அடிக்கும் மாதங்களின் வெயிலில் நாள் முழுக்கத் திணறுபவர்கள் மாரியில் கமராவை உறைக்குள் போட்டு வைப்பதுதான் புரியாத புதிர்.

தூரமும் முகத்தை மாற்றும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் ஒரு முகமாதிரியை வைத்துக் கணக்கிட்டார்கள். 12 அங்குலத்திலிருந்து எடுத்த செல்பியில், 5 அடியிலிருந்து எடுத்த படத்தைவிட ஆணின் மூக்கு 30 சதவீதமும் பெண்ணின் மூக்கு 29 சதவீதமும் அகன்று தெரிந்தது. மூக்கைச் சிறிதாக்கித் தரும் செயலிகளுக்குச் செல்போனைத் தள்ளிப் பிடிக்கும் செல்பி ஸ்டிக் ஒன்றே நல்ல பதில். ஸ்டூடியோவில் 85 அல்லது 105 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு ஐந்தாறடி தள்ளி நிற்பதன் இரகசியமும் அதுதான்.

இவ்வளவும் சரியாக நடந்த பிறகும் திருத்த வேண்டியது கொஞ்சம் இருக்கும். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு முளைத்த பரு, ஸ்கார்ப் ஊசி பதிந்த தடம், கண்ணோரம் வழிந்த மை. இவற்றை எடுப்பதில் யாருக்கும் வழக்கில்லை. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக் கூடியதை எடுக்கலாம், போகாததை விட்டுவைக்க வேண்டும் என்பது தொழிலில் பரவலான ஒரு வரம்பு. மச்சமும் பிறவித் தழும்பும் இரண்டாம் வகை. போட்டோஷொப் 1990இல் வந்தது. பக்கத்துத் தோலின் இழையை எடுத்துவந்து, நிறத்தைச் சேருமிடத்துக்கு ஏற்ப மாற்றி ஒட்டும் ஹீலிங் பிரஷ் 2002இல் ஏழாம் பதிப்போடு வந்தது. அதன் பிறகு பரு ஒரு சொடுக்கு வேலை. நுட்பமான முறையில் படத்தை இரண்டு அடுக்காகப் பிரிப்பார்கள். ஒன்றில் நிறமும் நிழலும். மற்றதில் மயிர்க்கண், மெல்லிய ரோமம் போன்ற இழை. நிறத் திட்டுகளை முதல் அடுக்கில் சமப்படுத்தினாலும் இழை கெடாது. நல்ல கையா மோசமான கையா என்பதை மூக்கின் பக்கவாட்டைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அங்கே மயிர்க்கண் தெரிந்தால் தோல்; தெரியாவிட்டால் பிளாஸ்டிக். கலியாண அல்பம் அச்சிட்டு வரும்போது ஸ்கார்பின் நெசவு இழை இழையாகத் தெரிய, அதற்கு நடுவில் இழையே இல்லாத முகம் மிதப்பதைப் பார்க்கலாம். துணியைத் தொட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வெளுக்க வைப்பது இந்தக் கணக்கிலெல்லாம் அடங்காதது. வெளிச்சப் பிழையைத் திருத்துவது ஒன்று, நிறத்தையே மாற்றுவது வேறொன்று. பொண்ணு பார்க்கும் பேச்சில் நிறம் ஒரு கேள்வியாக இருக்கும் வரை அந்தக் கோரிக்கை ஸ்டூடியோவுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். இந்தியாவில் 2010இல் வாஸ்லீன் ஒரு பேஸ்புக் செயலியையே வெளியிட்டது. படத்தை ஏற்றினால் முகத்தை வெளுக்க வைத்துத் தரும். கிறீம் விற்க அது விளம்பரம். பத்து வருடம் கழித்து, 2020இல், உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு யூனிலீவர் 'பெயார் அன்ட் லவ்லி'யின் பெயரை 'க்ளோ அன்ட் லவ்லி' ஆக்கியது. பெயர் மாறியது, குழாய் மாறவில்லை. அதே 2020இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் முகத் திருத்தத்தைத் தானாக இயங்காதபடி நிறுத்தி வைத்தது. 2021இல் மாநிற, கருநிறத் தோலைச் சரியாகப் பதிய வைக்கும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. நோர்வேயில் 2022 ஜூலை முதல், உடலையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லி முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். நம்முடைய பக்கத்தில் பல போன்களின் முன் கமரா வாங்கிய அன்றே 'பியூட்டி' நிலையில் இருக்கிறது. அணைக்கத் தெரியாதவர்கள் தங்கள் முகத்தைத் திருத்தாமல் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

முஸ்லிம் ஊர்களில் இந்த விவாதத்துக்கு மார்க்கத்தின் பக்கமும் ஒன்று உண்டு. உருவம் வரைவது பற்றிய தடை ஒளிப்படத்துக்கும் பொருந்துமா என்று நூறு வருடங்களுக்கு முன் பெரிய தர்க்கம் நடந்தது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்-முதீஈ, கமரா எதையும் படைப்பதில்லை, அல்லாஹ் படைத்த உருவத்தின் நிழலைப் பிடித்து வைக்கிறது, ஆகவே அது ஆகும் என்று நூல் எழுதினார். ஏற்காத உலமாக்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களும் அடையாள அட்டை, கடவுச்சீட்டு போன்ற தேவைக்கு அனுமதிப்பதே வழமை. முப்தியின் வாதத்தை இன்றைய ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து பார்த்தால் சுவாரசியமாகிறது. பருவை எடுக்கும் வரை அது பிடித்து வைத்த நிழல்தான். மூக்கைக் குறுக்கி, தாடையைச் செதுக்கி, இல்லாத மயிர்க்கண்ணைச் செயற்கை நுண்ணறிவால் வரைந்து வைத்த பிறகும் அது நிழலா, வரைந்த உருவமா? பெண்களின் படத்தைப் பெண்களே எடுத்து, பெண்களே திருத்தி, பிரதி எதையும் வைத்துக்கொள்ளாமல் தர வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் யார் பார்க்கிறார்கள் என்பதில் கவனமாக இருக்கின்றன. என்ன மாற்றுகிறார்கள் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை.

அடையாளப் படத்தின் சட்டம் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வெளியே நிற்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 இலக்க ஆவணம் கடவுச்சீட்டுப் படத்துக்குச் சொல்வது இதுதான். முகத்தில் நிழல் விழக் கூடாது. ஒளி சமமாக இருக்க வேண்டும். பளபளப்புத் திட்டு ஆகாது. தோலின் நிறம் இயல்பாக வர வேண்டும். மார்க்கக் காரணத்துக்காகத் தலையை மூடுவதை நாட்டின் அதிகாரிகள் அனுமதிக்கலாம்; முகம் மறையக் கூடாது. இலங்கையில் 2015 ஆகஸ்ட் முதல் கடவுச்சீட்டுப் படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவே எடுத்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நேரடியாக இணையத்தில் அனுப்புகிறது. வாடிக்கையாளர் கையில் படம் போய்த் திரும்பி வராததால் இடையில் திருத்த வழி குறைகிறது. இரண்டு பேரின் முகத்தைக் கலந்து ஒன்றாக்கும் மோசடிக்குப் பயந்து ஜேர்மனி மின்வடிவப் படத்தை மட்டுமே ஏற்கத் தொடங்கியது 2025 மே மாதத்தில்தான்.

சட்டத்தை நிறைவேற்ற ஸ்டூடியோக்காரருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் வெளிச்சம். திருத்த அனுமதி இல்லாததால் இரண்டு பக்கமும் குடை, சுவரிலிருந்து தள்ளி நாற்காலி, மேலுதட்டு வியர்வைக்கு ஒரு டிசு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறார். அந்த வேலை எப்படி வருகிறது என்பதற்கு ஆயிரக்கணக்கான கடவுச்சீட்டுகள் சாட்சி. அதே கை மணப்பெண்ணுக்கு எடுக்கும்போது "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தளர்ந்துவிடுகிறது.

திருத்தாத படத்தின் பெறுமதி இந்தக் கரைக்கு வேறு வகையிலும் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல் வீடுகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. கொழும்பில் ஆட்பதிவுத் திணைக்களத்தின் கோப்புகளிலிருந்த படங்கள் தப்பின. இன்று அந்தச் சின்னப் படத்தைக் கூர்ந்து பார்ப்பது மனிதக் கண் மட்டுமில்லை. முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்து அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல மென்பொருள்கள் ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களில் ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளும் பிழையை வெள்ளை முகங்களில் செய்வதைவிடப் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாகச் செய்தன. தோஹாவுக்கும் றியாதுக்கும் வேலைக்குப் போகும் கல்முனை இளைஞரின் முகத்தை விமான நிலையக் கமரா கடவுச்சீட்டுப் படத்தோடு ஒப்பிடுகிறது. அந்தப் படம் குறைந்த வெளிச்சத்தில் கறுத்திருந்தாலும் கூடிய வெளிச்சத்தில் வெளுத்திருந்தாலும் வரிசையில் நின்று பதில் சொல்லப் போகிறவர் அவர்தான், ஸ்டூடியோக்காரர் இல்லை.